செல்வத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி

அன்று செக்-அவுட் நேரத்தில் ரிசப்ஷன் போன் விடாமல் அடித்தது. எடுத்தால் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விதான்.

"உங்க ஹோட்டலுக்கு வேன் ஓட்டுற செல்வம் திருடனாமே, நெசமா?"

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஹோட்டலின் ரிசப்ஷனில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். ரூம் புக்கிங், கெஸ்ட்டுக்கு வண்டி ஏற்பாடு, இணையத்தில் வரும் ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக ரிசப்ஷன் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைவிட வேகமாக டைப் அடிக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் செல்வத்துக்கு நடந்ததை எழுதுகிறேன்.

குரூப்

எங்கள் ஊரில் வேன், ஜீப் ஓட்டுகிறவர்களும் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களும் ஹோட்டல்காரர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். மலைப்பாதையில் மரம் விழுந்தாலும், பைன் காட்டுப் பக்கம் டிராஃபிக் நின்றாலும் முதல் செய்தி அதில்தான் வரும். எல்லோரும் பேசுகிற மாதிரியே எழுதுவார்கள். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எதுவும் இருக்காது. பேசும்போது குரல் ஏறி இறங்கும், முகம் தெரியும். எழுத்தில் அவை இரண்டும் கிடையாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு முறை ஒரு டிரைவர், "டாக்டர் அம்மா வந்துட்டா சாவி குடுத்துருங்க" என்று போட்டார். வந்துவிட்டால் சாவியைக் கொடுங்கள் என்று அர்த்தம். ஹோம்ஸ்டே நடத்திய அந்த டாக்டர் அம்மாவும் குரூப்பில் இருந்தார். "வந்துட்டாளா? யார அவ இவன்னு பேசுறீங்க?" என்று பிடித்துக்கொண்டார். சமாதானம் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பேருக்குப் பின்னாடி ஒரு கமா, கேள்விக்குப் பின்னாடி ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதானேப்பா" என்று நான் அடிக்கடி சொல்வேன்.

"ஸ்டியரிங் புடிக்கிற கையில கமாவ எங்கிட்டுக்கா வைக்கிறது?" என்பான் பாண்டி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன்.

பாண்டி ஜீப் ஓட்டினான். செல்வமும் அவனும் பெருமாள்மலையில் ஒன்றாகப் படித்தவர்கள். செல்வம் பேச்சுக் குறைவு. ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் சீட்டுக்கடியில் குனிந்து பார்ப்பான். ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறையைக்கூடக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருக்கிறான். ஒரு பள்ளிக்கூடத்தின் விடுதிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் வேலையும் அவனிடம்தான் இருந்தது. அதை நம்பித்தான் வேனுக்குக் கடன் வாங்கியிருந்தான்.

அந்த மெசேஜ்

பைன் காட்டு பார்க்கிங்கில் செல்வத்தின் வேன் கண்ணாடியை யாரோ உடைத்து, கெஸ்ட்டின் பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செல்வமே கெஸ்ட்டை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்ப் புகார் கொடுக்க வைத்தான். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுநாள் வேறொரு குடும்பத்துடன் பூம்பாறைக்குப் போனான்.

அன்று காலையில் திருடன் வத்தலக்குண்டில் பிடிபட்டான். தற்செயலாக ஸ்டேஷன் பக்கம் போன பாண்டிக்குத்தான் முதலில் தெரிந்தது. நண்பனுக்கு உடனே சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில், நின்ற இடத்திலிருந்தே குரூப்பில் போட்டான். அவன் எழுதியது இதுதான்:

"செல்வம் திருடன் மாட்டிக்கிட்டான் வண்டில இருந்த பையெல்லாம் கெடச்சிருச்சு ஸ்டேஷனுக்கு வெரசா வரவும்"

செல்வம், திருடன் மாட்டிக்கிட்டான். உன் வண்டியில் இருந்த பைகள் கிடைத்துவிட்டன. இதுதான் பாண்டி சொல்ல வந்தது. ஊர் படித்ததோ வேறு. திருடன் செல்வம் மாட்டிக்கொண்டான், பைகள் அவன் வண்டியிலேயே இருந்தன என்று படித்தது. யாரோ அதை இன்னொரு குரூப்புக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து பள்ளிப் பெற்றோர் குரூப்புக்குப் போனது. மேலே "உஷார்" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்துகொண்டது.

பூம்பாறைப் பாதையில் செல்வத்தின் போனுக்கு சிக்னல் இல்லை. வேனில் இருந்த கெஸ்ட்டில் ஒருவருக்கு மட்டும் அவர்கள் தங்கியிருந்த ஹோம்ஸ்டேயிலிருந்து எப்படியோ அழைப்பு வந்திருக்கிறது. அவர்கள் நடுவழியிலேயே இறங்கிக்கொண்டார்கள். காரணம் கேட்டபோது, "நீங்க போங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று மட்டும் சொன்னார்களாம். குழந்தையைத் தாய் தன் பின்னால் இழுத்துக்கொண்டதைச் செல்வம் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான்.

காலி வேனுடன் ஹோட்டலுக்கு வந்தான். போனை என் முன்னால் வைத்தான்.

"அக்கா, பாண்டி எனக்குத்தான எழுதியிருக்கான்? எனக்கு அப்பிடித்தான் படிக்க வருது. மத்தவகளுக்கு ஏன்க்கா அப்பிடி வரல?"

அவனுடைய நண்பனின் குரல் அவனுக்குத் தெரியும். படித்த மற்றவர்களுக்குத் தெரியாது.

திருத்தம்

விஷயம் தெரிந்ததும் பாண்டி பதறிப்போய் மறுபடி எழுதினான். "மண்ணிக்கவும் செல்வம் எந்த தப்பும் பன்னல நான் தான் தப்பா எழுதிட்டேன்."

ஒரு ஹோம்ஸ்டேக்காரர் அதற்குக் கீழே, "தம்பி, மொதல்ல மன்னிக்கவும்னு எழுதக் கத்துக்கங்க. மண்ணுல என்ன வேல?" என்று போட்டார். அவ்வளவுதான். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் தமிழ் வாத்தியாரைக் கூப்பிடச் சொன்னார். பாண்டி கேட்ட மன்னிப்பு மேலே போய் மறைந்துவிட்டது. ஒரு மனிதனின் பெயர் கெட்டுக் கிடக்கும்போது எழுத்துப்பிழைக்குச் சிரித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதே சமயம், பாண்டி அதைப் பிழையில்லாமல் எழுதியிருந்தால் அவர்களுக்குச் சிரிக்க இடம் இருந்திருக்காதே என்றும் தோன்றும்.

நடந்ததைத் தெளிவாக எழுதி நானும் போட்டேன். பலர் கட்டைவிரல் காட்டினார்கள். ஆனால் முதல் மெசேஜைத் தள்ளிவிட்ட கைகளில் ஒன்றுகூட இதைத் தள்ளவில்லை. திருடன் என்றால் ஊருக்குச் செய்தி. திருடன் இல்லை என்பதை யாருக்கு அனுப்பத் தோன்றும்?

செல்வத்தை அழைத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்களுக்கு இவரத் தெரியும்மா. ஸ்டேஷன்லயும் கேட்டுட்டோம், இவர் மேல ஒண்ணும் இல்ல. ஆனா பேரன்ட்ஸ் குரூப்ல அந்த மெசேஜ்தான் சுத்துது. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி நாங்க கமா போட்டுக் காட்ட முடியுமா? இந்த டேர்ம் போகட்டும், பாப்போம்."

அடுத்த டேர்முக்கும் கூப்பிடவில்லை. எங்கள் ஹோட்டல் டிரிப்பை மட்டும் வைத்து வேனை ஓட்ட முடியாது. செல்வம் வேனை விற்றான். பாண்டி அவன் வீட்டுக்குப் போனபோது செல்வத்தின் மனைவி கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "நீங்க எழுதுனது போதும்ண்ணே" என்று மட்டும் சொன்னாராம். அதைச் சொல்லும்போது பாண்டி என் கவுன்ட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அடுத்த வாரம் குரூப்பிலிருந்து செல்வம் வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது.

ஒட்டன்சத்திரத்தில்

ஓய்வு பெற்றபின் ஒரு கல்யாணத்துக்காக ஒட்டன்சத்திரம் போயிருந்தேன். மார்க்கெட் வாசலில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன் செல்வம். மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கிவந்து டீ வாங்கிக் கொடுத்தான்.

"கேரளாவுக்குக் காய்கறி ஏத்திட்டுப் போறேன்க்கா. சோலி பரவாயில்ல. வெள்ளனே கெளம்பிட்டா வெரசா திரும்பிரலாம்."

"பாண்டிகிட்டப் பேசுனியாப்பா?"

"அவன் மேல கோவம் இல்லக்கா. அவனும் எனக்கு நல்லது சொல்லத்தான எழுதுனான். ஆனா அவன் பேருல மெசேஜ் வந்தா தொடறதே இல்ல. தொறக்காமலே கெடக்கு எல்லாம்."

"என்ன எழுதியிருக்கான்னாவது பாக்கலாமே?"

"பாத்து என்னக்கா ஆகப்போகுது? இங்கயும் ஒரு லோடுமேன் கேட்டுட்டான்க்கா, நீதான அந்த மெசேஜ்ல வந்த கொடைக்கானல் ஆளுன்னு."

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. போய்விட்டான்.

ரிசப்ஷனுக்கு வரும் பிள்ளைகளே, எழுதியதை அனுப்புவதற்கு முன், உங்களை அறியாத ஒருவர் அதை எப்படிப் படிப்பார் என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். பெயரும் பழியும் ஒரே வரியில் வந்தால் இன்னொரு முறையும் படியுங்கள். பிழையோடு எழுதுகிறவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேளுங்கள். நம் கையை விட்டுப் போன செய்தி எந்தெந்த வீட்டுக்குள் நுழையும் என்று நமக்குத் தெரியாது. அங்கெல்லாம் கூடவே போய் நின்று, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று விளக்க நம்மால் முடியாது.