ஒரு சகோதரியின் ஸ்தோத்திரம்

புதுக்கடையில் ஜாக்கெட் தைக்கும் சத்தியபாய்க்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் நாலு வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளின் வாயைத்தான் ஒரு காகிதம் கட்டிப்போட்டது.

வளைகுடாவிலிருந்து வந்த வெளுப்பு கிரீமை ஒரு வருடம் பூசினாள். முகம் பளபளத்தது, கால் வீங்கியது. கிரீமில் இருந்த பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். டப்பாவில் அந்தப் பேச்சே இல்லை. அட பாவிகளா! வழக்குப் போட்டாள். கம்பெனி சமரசத்துக்கு வந்தது. சிகிச்சைச் செலவை அவர்கள் பார்ப்பார்கள். பதிலுக்கு கிரீமைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சிகிச்சை நிற்கும். கையொப்பமிட்டாள். வேறு வழி?

யாராவது கேட்டால் "சிறு சுகவீனம், இப்போது பூரண நலம்" என்று மட்டும் சொல்லும்படி கம்பெனி வக்கீல் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் அதையே எழுதி, கீழே 'ஒரு சகோதரி' என்று போட்டாள். போதகர் வாசித்தார். சபை ஆமென் சொன்னது. அடுத்த உறையைப் பிரித்தார். அதிலும் சிறு சுகவீனம், இப்போது பூரண நலம், ஒரு சகோதரி. மூன்றாவதிலும் அதேதான். ஐந்தாவது உறைக்குப் போதகரின் குரல் இறங்கிவிட்டது.

சத்தியபாய் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஒன்றிரண்டு பேர் அல்ல. ஒருத்திகூட அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் பிரிஜா கல்யாண ஜாக்கெட் போட்டுப் பார்க்க வந்தாள், கூட அவள் அம்மை ஞானபாய். கண்ணாடியில் பிரிஜாவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது. சிரித்தாள், அது அவள் சிரிப்பாகவே இல்லை. சத்தியபாய் அளவு நாடாவைக் கீழே வைத்தாள். சிகிச்சை நின்றால் தன் கதி? ஆனால் இந்தப் பிள்ளைக்கு இருபத்துமூன்று வயதுதானே!

"ஏட்டி மக்கா, முகத்துல என்னத்தையாக்கும் பூசுத?"

பிரிஜா ஒரு பெயரைச் சொன்னாள். அதே கிரீம்.

"தூரக் களஞ்சிரு மக்கா. அதுல பாதரசம் உண்டு. எனக்க கிட்னி போனது அதுனாலயாக்கும்."

பிரிஜா திகைத்து அம்மையைப் பார்த்தாள். ஞானபாய் தலை குனிந்தாள். சேலைக்கடியில் அவள் பாதங்களும் வீங்கியிருந்தன.

"உனக்கும் தெரியுமா ஞானபாயி? பெத்த பிள்ளைகிட்டயுமா சொல்லல்ல?"

"ஆருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு அந்தக் காயிதத்துல எழுதியிருந்து அக்கா," என்றாள் ஞானபாய். "அந்த 'ஆருகிட்டயும்'ல எனக்க மோளும் உண்டான்னு வக்கீல்கிட்ட கேட்டேன். உண்டுன்னு சொன்னாவ."