மூன்றாம் அடியில் ஓர் இருமல்

பிரிசில்லாவைப் போலக் குற்றம் கண்டுபிடிக்கிறவளை நான் பார்த்ததில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் வேலை. தோலில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போட்டு ‘ரிஜக்ட்’ என்று ஒதுக்கிவிடுவாள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் மசிய மாட்டாள்.

வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் இன்னொரு செக்கிங். எங்கள் சபைப் பாடகர் குழு மேல்நாட்டு முறையில் ஐந்து கோடு போட்ட ஸ்வரத்தாளைப் பார்த்துத்தான் பாடும். தாளில் இல்லாததைப் பாடுவது எங்களுக்குப் பாவம் செய்த மாதிரி. யாராவது போனில் பாடி அனுப்பினால், அவள் அதை ஒரு மென்பொருளில் போடுவாள். அது கேட்டதையெல்லாம் ஸ்வரமாக்கித் திரையில் ஐந்து கோட்டில் வைத்துவிடும். கேட்டதையெல்லாம் என்றால் எல்லாவற்றையும்தான்: பைபாஸ் லாரி ஹாரன், குக்கர் விசில், நாய். ஒருமுறை போதகர் பாடிய பாட்டில் பக்கத்து வீட்டு மிக்ஸி, பேஸ் என்கிற அடிக்குரலாக வந்து உட்கார்ந்திருந்தது. பாட்டு எது, குப்பை எது என்று பார்த்து அழிப்பதுதான் அவள் வேலை. ஒடுகத்தூர் பக்கம் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்ட பியானோ இப்படிக் கைகொடுத்தது. சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் அவள்தான்.

அவள் புருஷன் ஜோசுவா எங்கள் குழுவில் டெனர், ஆண்களில் மேல்குரல். தோல் பதனிடும் டேனரியில் பஃபிங் மெஷினில் தோலைத் தேய்த்துத் தேய்த்து, பறக்கிற தூளை இருபது வருஷம் மூச்சில் இழுத்தவன். முகமூடி கொடுத்தார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது. போன வருஷம் நுரையீரல் கைவிட்டது. வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகச் சொந்தமாய் ஒரு பாட்டுக் கட்டினான். நாலே அடி. அதைப் போனில் பாடிக் கொடுத்தான்.

“அறுப்பின் பண்டிகைல நம்ம ஆளுங்க இத்த பாடணும். ஒரே ஒரு தடவ காதால கேட்டுட்டா போதும்” என்றான். பண்டிகை வரை தாங்குவானா என்று டாக்டருக்கே சந்தேகம்.

பிரிசில்லா அந்தப் பதிவை மென்பொருளில் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். குழுவின் தாள்களை நகல் எடுத்து வைப்பது என் பொறுப்பு. திரை முழுக்க இருமல். ஒவ்வொரு இருமலும் ஸ்வரமாகி, கோட்டுக்குக் கீழே கொத்துக் கொத்தாகக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தாள். மூன்றாம் அடியின் முடிவில் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நின்றது. நாலு தரம் போட்டுக் கேட்டோம். ஏதோ கிழிகிற சத்தம்.

“இது பாட்டா, இருமலாக்கா?”

“எனக்கு இருமலாத்தான் கேக்குது.”

“எனக்கும்தான். ரிஜக்ட்.”

அழித்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு எண்ணிக்கை மௌனம் வைத்தாள். அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் திரும்பப் பாடிக் காட்டப் பார்ப்பான், மூச்சு போய்விடும் என்று பயந்தாள்.

பண்டிகையன்று நன்றாகவே பாடினோம். மறுநாள் மதியம் நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் நாங்கள் பாடிய பதிவை அவன் காதோரம் வைத்தாள். போர்வை மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டான். மூன்றாம் அடியில் விரல் நின்றுவிட்டது.

“அங்க ஏன் வுட்டுட்டாங்க?”

“அங்க நீங்க இருமுனீங்க. அதான் எடுத்துட்டேன்.”

“நா இருமல பிரிசி. மேல ‘லா’ ஸ்வரம் பாடினேன்.” மூச்சு வாங்கினான். “அதுக்குத்தான் அந்தப் பாட்டே.” அவள் கையைத் தட்டிக் கொடுத்து, “பரவால்ல, வுடு” என்றான்.

அந்தப் ‘பரவால்ல’ அவளைக் கொன்றுவிட்டது. ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். “பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவக்கா நான். அவரு கொரல் எது, இருமல் எதுன்னு தெரியாம பூட்டுச்சே.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ‘லா’வைத் திரும்ப வைத்தாள். புது ஃபைலை எனக்கு அனுப்பி, பழைய நகல்களைக் கிழித்துப் போடச் சொன்னாள். சரி என்றேன்.

வியாழக்கிழமை ஜோசுவா போய்விட்டான். அடக்கத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் அலமாரியில் கைக்குக் கிடைத்த தாள்கட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். மூன்றாம் அடிக்கு வரும்போதுதான் என் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பழைய தாள். நான் மட்டுமாவது அந்த ‘லா’வைப் பாடியிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், தாளில் இருந்தபடி நானும் மற்றவர்களோடு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த இரண்டு எண்ணிக்கையில், பின்னால் நின்ற டேனரிக்காரர்களில் யாரோ ஒருவர் இருமினார்.

பெட்டியின் மேல் கவிழ்ந்திருந்த பிரிசில்லா, அவன் கூப்பிட்ட மாதிரி, சட்டென்று நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள்.