பதினோரு மணி வண்டி

எங்கள் காலனிக்கு அப்போது யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. பாலக்காட்டு டவுனிலிருந்து கிழக்கே வந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, வயலும் கரிம்பனையும் தொடங்குகிற இடத்தில் ஒரு செம்மண் பாதை பிரியும். அதன் இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முள் மண்டிய காலி மனைகள். ‘கேட்டுக்கு அந்தப் பக்கம்’ என்று சொன்னால்தான் தபால்காரருக்கே புரியும். எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அங்கே குடிவந்தோம்.

எனக்கு அந்த இடம் அப்படிப் பிடித்துப்போயிற்று. காலி மனைகள் அத்தனையும் என்னுடையவை. ஒன்றில் பள்ளிக்கூடம் நடத்தினேன், ஒன்றில் கிணறு வெட்டினேன், ஒன்றில் ஓணானுக்குக் கல்யாணம்கூடச் செய்துவைத்தேன். பகலில் ஒரு பெரியவர் தலை தெரியாது. கணவாய்க் காற்றில் பனையோலை சடசடக்கும். ரயில் வரும்போது கேட்டில் மணி அடிக்கும். வேறு சத்தமே கிடையாது. இதைவிட ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்?

அம்மா பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஓரகத்திகள், கொழுந்தன்கள், களையெடுக்க வருகிறவர்கள் என்று எந்த நேரமும் சந்தைதான். அப்பாவுக்கு டவுனில் ஓர் ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்ததால் எங்களைத் தனியாகக் கொண்டுவந்து வைத்தார். இங்கே வந்ததிலிருந்து அம்மாவிடம் ஒரு வினோதமான பழக்கம். உப்பு வண்டிக்காரர் வந்தால் லேசில் விடமாட்டாள். அவருடைய மகளுக்குப் பிறந்த குழந்தை யார் சாயல் என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் உப்பை வாங்குவாள். எங்கள் வாசல் வந்தால் அந்த மனிதர் மணியை அடிக்காமல் நைசாகப் போய்விடுகிறார் என்று அப்பா கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இப்படி இருக்கையில்தான் பஸ் வந்தது. டவுனில் ஒரு பஸ் முதலாளியிடம் காலனி ஆண்கள் போய்ப் பேசி, கேட்டு வரை வந்து திரும்பும் வண்டியை எங்கள் புளியமரம் வரை நீட்டச் சம்மதிக்க வைத்தார்கள். மார்கழி முழுக்க ஓட்டிப் பார்ப்பேன், ஆள் ஏறினால் ஓடும், இல்லையென்றால் பழையபடி கேட்டோடு திருப்பிவிடுவேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லா ஆண்களிடமும் சைக்கிள் இருந்தது. பஸ்ஸைக் காப்பாற்ற வேண்டுமே என்று சைக்கிள்களை வீட்டில் வைத்துவிட்டு ஏறினார்கள். அப்பா காலையில் சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டு, கட்டுத்தறியில் கன்றை விட்டுப் போகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். அப்படிக் காலையும் மாலையும் வண்டி நிறைந்துவிட்டது. பதினோரு மணி வண்டிதான் காலியாக வந்து, புளியமரத்தைச் சுற்றி, காலியாகவே போனது. இது இப்படியே போனால் பொங்கலுக்குள் முதலாளி நிறுத்திவிடுவார் என்று கண்டக்டர் ஒரு சாயங்காலம் படியில் தொங்கியபடி சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்கள் புளியமரத்தடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் அம்மா வாசலில் இருந்தபடி கேட்டாள்.

“ஏனுங்க, நாங்க ஏறுனா ஆளுக் கணக்குல வராதுங்களா?”

பட்டப்பகலில் நீங்கள் எங்கே போவீர்கள் என்று அப்பா கேட்டார்.

“எங்கயாச்சும் போறதுக்கா ஏறச் சொல்றாங்க? வண்டி நிக்கக் கூடாதுன்னு ஏறுறோம். போயிட்டு அதே வண்டீல திரும்பி வந்தர்றோம்.”

மறுநாளே அம்மாவும் மேற்கு வீட்டு அக்காவும் இன்னும் சில பெண்களும் ஏறிவிட்டார்கள். எங்கள் பெண்களுக்குச் சும்மா உட்கார்ந்து போகத் தெரியாது. ஆளுக்கொரு முறமும் மடி நிறையப் பச்சை மொச்சையுமாகத்தான் ஏறினார்கள். தோட்டத்து வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் முன்னால் ஒரு பிடி காய் வந்து விழும். அவர் விருந்தாளியா, வில்லேஜ் ஆபீசரா என்று பார்ப்பதில்லை. அந்த வழக்கமும் பஸ்ஸில் ஏறிவிட்டது. கண்டக்டர் டிக்கெட்டுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவே மொச்சை உரிக்கப் பழகினார். அவருடைய தோல் பையிலிருந்து சில்லறையோடு மொச்சையும் வரும்.

கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் நானும் சேர்ந்துகொண்டேன். அப்படி ஒருநாள் டவுன் ஸ்டாண்டில் திரும்பி வரக் காத்திருந்தபோது, வெள்ளைச் சட்டையும் சரிகைக் கரை வேட்டியுமாக ஒருவர் ஏறினார். டிரைவர் பீடியை எறிந்தார். கண்டக்டர் காலர் பித்தானைப் போட்டார். எனக்கு நொடியில் விளங்கிவிட்டது, இவர்தான் முதலாளி. அவர் நீள சீட்டில், அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண்டக்டர் கண்ணை உருட்டினார், தலையை ஆட்டினார். நான் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினேன்.

அம்மா அவரைப் பார்த்தாள். அவருடைய கைகளைத்தான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். ஒரு பிடி மொச்சையை அள்ளி அவர் மடியில் இருந்த துண்டின்மேல் போட்டாள்.

“கை சும்மாதானுங்களே இருக்குது. ரண்டு உரிச்சுக் குடுங்க.”

கண்டக்டர் பெல் அடிக்க மறந்துபோனார். முதலாளி மொச்சையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு ஒரு காயை எடுத்துப் பிளந்தார். பழக்கமில்லாத கை. தோலை முறத்தில் போட்டுவிட்டுப் பருப்பை ஜன்னல் வழியே வீசிக்கொண்டிருந்தார்.

மேற்கு வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்ண்ணா, பருப்ப வீசிப்போட்டுத் தோல ஊட்டுக்குக் குடுத்துடறீங்க. உங்கள வெச்சுட்டு அண்ணி எப்படித்தான் காலந்தள்றாங்களோ.”

பஸ்ஸே சிரித்தது. டிரைவருடைய தோள்கூடக் குலுங்கியது. வண்டி டவுனைத் தாண்டியதும் காற்று உள்ளே புகுந்து, அதன்பிறகு அவர் சரியாக வெளியே வீசிய தோலையெல்லாம் அவர் வெள்ளைச் சட்டைக்கே திருப்பிக் கொடுத்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் அவர் மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். “அல்ல, நீங்க எல்லாரும் எவிடெ போயிட்டு வர்றீங்க?”

நிஜத்தைச் சொன்னால் பஸ் போயிற்று. அம்மாவின் காதில் “ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி” என்றேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“எங்கயுமில்லீங்க. இந்த வண்டி நின்னு போயிரக் கூடாதுன்னு சும்மா ஏறிப் போயிட்டு வர்றமுங்க.”

கண்டக்டர் கண்களை மூடிக்கொண்டார். முதலாளியின் கை அப்படியே நின்றது. ரயில் கடகடவென்று போய் முடிந்தது. கேட் திறந்தது.

“நாளைக்கும் நீங்க வருமோ?” என்றார் முதலாளி.

“வண்டி வந்தா நாங்க வராம இருப்பமுங்களா?”

புளியமரத்தடியில் இறங்கிச் சட்டையை உதறிக்கொண்டு, போர்டில் எழுத இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கண்டக்டரிடம் விசாரித்தார். அவர் விழித்தார். பொங்கலுக்குப் பிறகு வந்த புதுப் போர்டில் ‘கேட்டுக்கு அந்தப் பக்கம்’ என்றே மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது.

காலனியே என் தோளில் ஏறி நின்றதுபோல எனக்குப் பெருமை. வயலுக்கு அப்பால் இருந்தவர்களும் நடந்து வந்து ஏறத் தொடங்கினார்கள். பதினோரு மணி வண்டி தானாகவே நிறைந்தது. அப்பா சைக்கிளுக்குத் திரும்பினார். மற்றப் பெண்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அம்மா மட்டும் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய அம்மாவை நிறுத்தி, பள்ளிக்கூடம் நடத்திய அனுபவத்தோடு பொறுமையாக விளக்கினேன். “அம்மா, வண்டி இனி நிக்காதுங்க. நாம ஜெயிச்சாச்சு. இனி யாரும் சும்மா ஏற வேண்டியதில்லீங்க.”

அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். தலையில் பூவைச் சரிசெய்துகொண்டாள். “ஆமா அம்முணி,” என்றாள். “கதவச் சாத்திக்க.”

புளியமரத்தடியில் ஹாரன் கேட்டது. முறத்தை இடுக்கிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. படியேறும்போதே உள்ளே யாருக்கோ பதில் சொல்லிச் சிரித்துக்கொண்டு ஏறினாள்.

சாயங்காலம் அப்பாவிடம் புகார் சொன்னேன். பஸ் நிலைத்துவிட்டது என்பது அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றேன். அப்பா சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, ஆளில்லாத பாதையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“போயிட்டு வரட்டும், உடு,” என்றார்.

சரிதான், இவருக்கும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் என் காலி மனைக்கு விளையாட ஓடினேன்.