தூத்துக்குடியில் மீசானை எடை போட்ட கதை

எழுபதுகளின் நடுவில், புதிய துறைமுகம் திறந்த சூட்டோடு, தூத்துக்குடிக்குப் போனேன். முத்துக்கோ கடலுக்கோ அல்ல, சண்டைக்கு. என் ஆய்வுத் தலைப்பு நிற்குமா போகுமா என்று முடிவுசெய்யும் பேராசிரியர் அங்கே ஒரு கல்லூரியில் இருந்தார். அவர் முன்னால் நான் உரை நிகழ்த்த வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதுவரை உழைத்ததெல்லாம் அம்போ.

திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். விடிகாலைப் பேருந்தைப் பிடியுங்கள். வெயில் ஏறினால் அந்த ரோட்டில் வெந்துபோவீர்கள். இறங்கியதும் குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் காயல்பட்டினத்து முஸ்லிம். என் கையிலிருந்த சுவரொட்டியை வாசித்தார்: ‘அணுக்கருவுக்குள் லேசான மீசான்கள்.’ முகம் வாடிவிட்டது.

“மீசான் கல்லு நடவா போறிய, தங்கச்சி? யாரு மவுத்து?”

அவர்கள் ஊரில் மீசான் என்றால் கபரில், அதாவது புதைத்த இடத்தில், நடும் கல். யாரும் சாகவில்லை, இது அணுவுக்குள் இருக்கும் துகள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அரபில தராசுக்கும் மீசான்னுதான் பேரு” என்றார்.

உரையை அந்தத் தராசிலேயே தொடங்கினேன். பையான் என்ற லேசான மீசானுக்கு வெளியே ஒரு நிறை. கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் நெருக்கியடிக்கின்றன. அங்கே அதற்கு வேறு நிறை என்பது என் கட்சி.

பேராசிரியர் பாதியில் எழுந்தார். “ஏம்மா, பையானோட மாஸ் டேபிள்ல இருக்கு. எடத்துக்கு எடம் மாறுததுக்கு அது என்ன மீன் வெலையா?”

அரங்கமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கினேன்.

“கைய உள்ள விட்டு வெரசா ஆட்டுங்க, சார். கனக்கும். கையோட தண்ணியும் சேந்து நகரணும்லா? பையானும் அங்கன சுத்தி இருக்கதயெல்லாம் இழுத்துக்கிட்டுத்தான் நகரும்.”

அவர் விரலைக்கூட நனைக்கவில்லை. “இது தண்ணிம்மா. அணுக்கருவா?”

“இல்ல சார். அதனாலதான் கணக்குப் போடுதேன்.”

“வேற தலைப்பு பாரு” என்று சொல்லி, டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்திலேயே என் கையிலிருந்த சாக்பீஸால் அதே தலைப்பை எழுதினேன், முன்னைவிடப் பெரிதாக. அவர் வெளியே போய்விட்டார். மாணவர்கள் ஒருவரும் எழவில்லை. மிச்ச உரையை அவர்களுக்குச் சொல்லி முடித்தேன்.

அவர் சம்மதம் கடைசிவரை கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில், ஓர் எழுத்தும் மாற்றாமல், அதே தலைப்பில் பட்டம் வாங்கினேன். இப்படி ஒரு பயணம் போகும் பெண்களுக்குச் சொல்வது இதுதான்: பலகையும் டஸ்டரும் அங்கே இருக்கும். சாக்பீஸை நீங்களே கொண்டுபோங்கள்.