துடக்கு வீட்டிலிருந்து வந்த பக்கவாத்தியம்

பெரியப்பா செத்த செய்தி வந்தபோது நான் அழவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது என் வயலின் கச்சேரிதான். அதற்கு ஒரு கிழமைகூட இருக்கவில்லை. கோயிலில் நின்று அனுபவம் சொல்ல வந்தவள் இப்படித் தொடங்கலாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பிள்ளையாருக்கு முன்னால் நின்று வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

அடியார்கள் பலருக்கு எங்கள் வீட்டைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவும் பெரியப்பாவும் உரும்பிராயில் ஒரே காணியில் இரண்டு வீடு கட்டி இருந்தவர்கள். நடுவில் ஒரு பங்குக் கிணறு. தோட்டத்துக்கு யார் எப்போது இறைப்பது என்று தொடங்கிய சண்டை, மதில் எழும்பும் வரை போனது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை.

நான் பல்கலைக்கழகத்தில் இசை படித்தேன். கடைசி வருடத்தில் ஒரு தனிக் கச்சேரி வாசிக்க வேண்டும். அதுதான் சோதனை. தவறினால் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். மற்றவர்கள் மிருதங்கத்தோடு வாசிப்பார்கள். நான் பிடிவாதமாகப் பியானோ வேண்டும் என்று கேட்டு, முகம் சுளித்த விரிவுரையாளர்களிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். என் சிநேகிதி நிரோஜா பியானோ வாசிப்பதாக ஏற்பாடு. மாதக்கணக்காக அவள் கீபோர்ட்டைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்து என்னோடு பழகினாள்.

பெரியப்பாவை ஆசுபத்திரியில் வைத்திருந்தபோது இந்தச் சந்நிதிக்கு வந்து மன்றாடினேன். அவர் சுகமாக வேண்டும் என்று கேட்கவில்லை. கச்சேரி முடியும் வரைக்கும் உயிரை வைத்திரு என்று கேட்டேன். பிள்ளையார் அதைக் காதில் விழுத்தவில்லை.

உங்களுக்குத் தெரியும், செத்தவரின் சகோதரம் வீட்டுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரை துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. நல்ல காரியங்களில் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பங்கு போடத் தெரியாத இரண்டு வீடுகளும் துடக்கை மட்டும் குறையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டன.

அன்று பின்னேரமே நிரோஜா ஃபோன் எடுத்தாள். அவளுடைய அண்ணைக்குக் கலியாணம். தாலிக்குப் பொன்னுருக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டார் துடக்குக்காரரோடு ஒட்ட மாட்டார்கள்.

"அம்மா விடமாட்டன் எண்டுறா. என்னைக் குறை நினையாதை," என்றாள்.

நான் ஃபோனை வைத்தேன். அவளைக் குறை நினைத்தேன், இப்போதும் கொஞ்சம் நினைக்கிறேன். அடுத்த நாள் விரிவுரையாளரிடம் போனேன். "துடக்கை நாங்கள் ஒரு காரணமா எடுக்கேலாது பிள்ளை. மிருதங்கத்துக்கு ஒருத்தரைப் பாருமன்," என்றார். திருவிழாக் காலம். கேட்ட ஒருவருக்கு நாள் இல்லை. இன்னொருவர் துடக்கு என்றதும் கதையை முடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது இந்தக் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். உள்ளே வர முடியாது. தெருவின் மறுபக்கம் நின்றேன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. பூசை மணி கேட்டது. உங்களில் சிலர் உள்ளே போனீர்கள். என்னைக் கண்டதும் கொஞ்சம் விலகித்தான் போனீர்கள். பிள்ளையாரே, நான் செத்தவரோடு ஒரு வார்த்தை கதைத்தது இல்லை, அவருடைய சாவுக்கு என்னை ஏன் தண்டிக்கிறாய் என்று கேட்டேன். ஒரு ஆளை அனுப்பு, ஆராக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டேன். அது கும்பிட்டது இல்லை. சண்டை பிடித்தது.

பொழுது படும் நேரம் அம்மாவோடு செத்த வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்காகப் போகத்தான் வேண்டும். பெண்கள் வரிசையாக இருந்தார்கள். என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. பெரியப்பாவின் மகள் கௌரியக்கா மட்டும் என்னைக் குசினிப் பக்கம் வரச் சொன்னார். கொன்வென்டில் படித்த காலத்திலேயே பியானோ சோதனை எல்லாம் பாஸ் பண்ணியவர். இந்தக் கோயில் அறநெறி வகுப்பில் உங்கள் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தவர். மதில் எழும்பிய பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"உன்ரை சோதினைக்கு ஆர் பியானோ வாசிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லையக்கா."

"நான் வாறன். உனக்கும் துடக்கு, எனக்கும் துடக்கு. என்னை ஆர் மறிக்கிறது?"

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் சட்டென்று சொன்னார்: "உனக்காக எண்டு நினையாதை. வாற சனம் எல்லாம் அப்பா கடைசியா என்ன கதைச்சவர், என்ன சாப்பிட்டவர் எண்டு கேக்குதுகள். சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. கொஞ்ச நேரம் எங்கையாவது போய் இருக்கவேணும்."

பிறகு, "அந்த ரெண்டாவது உருப்படியிலை நீ எப்பவும் ஓடுறனி. மதிலுக்கு இங்காலை இருந்து கேக்க எனக்கே மூச்சு வாங்கும்," என்றார்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு முந்தின நாள் கச்சேரி. செத்த வீட்டில் பலகாரம் சுட ஆட்கள் வந்திருந்த நேரம் அக்கா பின் படலையால் வெளியே வந்தார். அதற்கு முன் ஒரு நாள்தான் என்னோடு பழகியிருந்தார். மண்டபத்துப் பியானோ சுருதி கொஞ்சம் இறங்கி நின்றது. அதற்கு ஏற்றபடி என் தந்திகளை நான் இறக்கினேன். முதல் உருப்படி எப்படியோ போனது. இரண்டாவதில் வழக்கம்போல ஓடத் தொடங்கினேன். அக்கா என்னோடு ஓடி வரவில்லை. தன் காலத்திலேயே நின்று வாசித்தார். நான் திரும்பி வரவேண்டியதாயிற்று. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் போனது. பிள்ளையார் அனுப்பிய ஆள் இவர்தான் என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

முடிந்ததும் அக்கா எழும்பவில்லை. பியானோவை மூடிவிட்டு அப்படியே இருந்தார். "அவசரப்படாதை. இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போவம்," என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், பெரியப்பாவுக்காக முதல் தடவையாக.

நான் நன்றாகச் சித்தியடைந்தேன். கேட்டது கிடைத்தது. இனி அதற்கு அக்கா பட்டதைச் சொல்கிறேன். தகப்பனுக்கு எட்டு முடியவில்லை, மகள் மேடையில் பியானோ வாசிக்கிறாள் என்று ஊர் கதைத்தது. ஊர் என்று பொதுவாகச் சொல்வது எனக்கு லேசு. கதைத்தது நீங்கள். அந்தியேட்டி முடிந்து அக்கா அறநெறி வகுப்புக்குத் திரும்பி வந்தபோது உங்கள் பிள்ளைகளை நீங்கள் அனுப்பவில்லை. வெறும் பாயோடு அவர் அங்கே இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், சோதினைப் பிள்ளை என்று விட்டுவிட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே துடக்கோடுதான் ஒரே மேடையில் இருந்தோம்.

நான் முன்பெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். இப்போது அப்படி முடிவதில்லை. அப்பாவின் முகம் கறுத்தாலும் மதிலைச் சுற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டு முன்படலையால் போகிறேன், வருகிறேன்.

அடியார்களே, நீங்களும் கேளுங்கள். உள்ளே வர முடியாவிட்டால் தெருவில் நின்று கேளுங்கள், சண்டை பிடித்தும் கேளுங்கள். அவர் ஆள் அனுப்புவார். எனக்கு அதில் இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் அனுப்பப்பட்டவரை வேலை முடிந்ததும் வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு இங்கே வந்து கற்பூரம் கொளுத்தாதீர்கள். கௌரியக்காவை இன்றைக்கு நான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கொஞ்சம் நகர்ந்து இருந்து அவருக்கு இடம் விடுங்கள்.