பத்துக் கேள்விக்கும் இல்லை

வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்தேன். பிரசவமான ஒரியாப் பெண்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறியும் பத்துக் கேள்விகளை எங்கள் டாக்டரம்மா ஒரியாவில் தயார் செய்துகொண்டிருந்தார். அவற்றை மொழிபெயர்த்ததும் பெண்களிடம் வாசித்துக் கேட்டதும் அஜ்மானிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு ஒரியாக்காரப் பெண். பதில்களைக் குறிப்பது என் வேலை.

முதல் வாரம் ஏழு பேர். ஏழு பேரும் பத்துக் கேள்விக்கும் இல்லை என்றார்கள். ஏழாவது பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. மடியில் குழந்தை வீறிட்டும் அவள் குனிந்து பார்க்கவில்லை. அழுகை வருகிறதா என்றதற்கு அவளும் தலையாட்டி மறுத்தாள்.

மொழிபெயர்ப்பவள் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒரியா தெரியாவிட்டாலும், ஒவ்வொருவரிடமும் அவள் முதலில் தணிந்த குரலில் பேசியதில் 'கம்பெனி', 'விசா' என்பவை காதில் விழுந்தன. கேள்விகளில் அந்த வார்த்தைகளே கிடையாது. அவளைத் தனியாக அழைத்து இந்தியில் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லச் சொன்னேன், சிஸ்டர். மேல புருஷன் பேரு, கம்பெனி பேரு, மொபைல் நம்பர் எல்லாம் இருக்கு. இந்தத் தாள் எங்க போகும்?"

"ஃபைலுக்குத்தான்."

"என் பிரசவத்தப்ப வேற ஆஸ்பத்திரியில நிஜத்தைச் சொன்னேன். என் புருஷன்கிட்ட சொல்லிட்டாங்க. பைத்தியம்னு ரெண்டே வாரத்துல ஊருக்கு அனுப்பிட்டார். திரும்பி வர மூணு வருஷமாச்சு."

அவளை நம்புவதா என்று தெரியவில்லை. ஆனாலும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். இருவரும் ரிசப்ஷனில் விசாரித்தோம். கம்பெனி ஆள் வந்து கேட்டபோது இரண்டு முறை ஃபைலை எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

டாக்டரம்மா அன்றே தாளின் மேல்பகுதியை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவருடைய மேஜைக்குள் பூட்டப்பட்டது.

கண் வீங்கியிருந்த பெண் தடுப்பூசிக்கு வந்தபோது கணவனும் கூடவே உட்கார்ந்தான். கார்டை நகலெடுத்து வரச் சொல்லி அவனை அனுப்பினேன். மொழிபெயர்ப்பவள் தாளை முன்னும் பின்னும் காட்டிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தாள். கடைசிக் கேள்வி, உயிரை விட நினைத்ததுண்டா என்பது. அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சில நாள்," என்றாள்.

அன்றே மருந்து தொடங்கியது. வாராவாரம் வரச் சொன்னோம். "உடம்பு பலவீனம்தானா சிஸ்டர்? எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க," என்று கணவன் ஒவ்வொரு முறையும் கேட்டான். நான் பால் பவுடர் பற்றிப் பேசி நழுவினேன்.

நாலாவது மாதம் அவளே அரைகுறை இந்தியில் சொன்னாள்: "மாத்திரை எதுக்குன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ஊருக்கு டிக்கெட்டும் போடல."

அதற்குப் பிறகும், அவள் வர வேண்டிய நாளில் கொஞ்சம் நேரம் தாண்டினாலே நான் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.