எண்ணெய்ப் பிசுக்கும் லேபிள் மெஷினும்

பிள்ளைகளே, நம் செக்கெண்ணெய் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் மெஷின் வாங்க வேலந்தாவளத்திலிருந்து கோயமுத்தூர் போன கதையை உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை.

கடைக்காரர் மெஷினைக் காட்டி மளமளவென்று பேசினார். எனக்குப் பாதி புரியவில்லை. படிக்காதவன் என்று நினைத்துவிடுவாரே என்ற கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காலி பாட்டில்களில் லேபிள் அழகாக ஒட்டியது. முன்பணம் கொடுக்கப் பையில் கையை விட்டேன்.

கடையில் வேலை பார்த்த ஓர் அம்மாதான் மெஷினை ஓட்டிக் காட்டினார். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்ணா, உங்க பாட்டில்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமுங்களா?"

"எத்தனை தொடச்சாலும் இருக்கத்தானுங்க செய்யும்."

அவர் எண்ணெய் வைத்த தன் தலையைத் தடவி, அந்தக் கையால் ஒரு பாட்டிலைத் தேய்த்து மெஷினில் விட்டார். லேபிள் சுருங்கி நழுவியது.

கடைக்காரர் எரிந்து விழுந்தார். "உன்னைய யாரு கேட்டா? யாவாரத்தைக் கெடுக்கறதுக்கா சம்பளம் தர்றேன்?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். 'நான்தானுங்க செஞ்சு காட்டச் சொன்னேன்' என்று கடைக்காரரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிட்டேன்.

பிறகு வேறு கடைக்கு நம் பாட்டிலையே கொண்டுபோய், ஒட்டிப் பார்த்துத்தான் இப்போதுள்ள மெஷினை வாங்கினேன். மனசு கேட்காமல் அடுத்த மாதம் பழைய கடைக்குப் போனேன். மெஷினருகே வேறொருவர் நின்றார். அந்த அம்மாவைப் பற்றி அவரிடம் விசாரித்தேன்.

"அந்தக்கா அன்னைக்கே வேலைய விட்டு நின்னுட்டாங்களுங்க" என்றார்.

அவர் பேரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. உங்களுக்காக ஒருவர் பேசித் திட்டு வாங்கினால், அந்த நிமிடமே வாயைத் திறந்துவிடுங்கள். எனக்கு இன்னும் உறுத்துகிறது.